பெரிய அளவுப் படம் அச்சிட்டு மாட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருமணப் படத்தையோ குடும்பப் படத்தையோ கூடத்துச் சுவருக்கு 40×60 அங்குல அளவில் கேட்டு வாடிக்கையாளர் வந்தால், எந்தப் படம் என்று கேட்கும் ஸ்டூடியோக்காரர்கள் எந்தச் சுவர் என்று கேட்பதில்லை. சுவரைப் பார்க்காமல் ஆர்டர் எழுதுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்தே பிறக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்துகொடுத்த ஏழடிப் படம் ஒன்று, இரண்டாம் மாடி வீட்டின் படிக்கட்டு வளைவில் திரும்பவே இல்லை. வீட்டுப் பெரியவர்கள் வாசலில் காத்து நிற்க, கீழேயே சட்டத்தைக் கழற்றி, மேலே கொண்டுபோய் மறுபடி பூட்டினோம். அன்றிலிருந்து படி, கதவு, லிஃப்ட் ஆகியவற்றை அளந்துவிட்டு, கேட்ட அளவுக்குச் செய்தித்தாள்களை ஒட்டிச் சுவரில் பொருத்திக் காட்டிய பிறகே முன்பணம் வாங்குகிறேன். அந்தத் தாளைப் பார்த்ததும் அளவை மாற்றிக்கொள்பவர்கள் பலர்.

அடுத்தது பிக்சல் கணக்கில் வரும் குழப்பம். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000×4000 பிக்சல் கொண்டது; அதை 60 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 100 பிக்சல் கிடைக்கும். 300 இருந்தே தீர வேண்டும் என்று நம்பி, மென்பொருளில் படத்தைச் செயற்கையாகப் பெருக்கி, முகங்களை மெழுகுபோல் ஆக்கிவிடுகிறார்கள். ஓரடி தூரத்தில் பிடித்துப் பார்க்கும் படத்துக்குத்தான் 300 தேவை; ஆறடி தள்ளி நிற்பவரின் கண்ணால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 50 புள்ளிகளுக்கு மேல் பிரித்தறிய முடியாது. ஆனால் குழுப்படத்துக்கு இந்தக் கணக்கை நம்பக் கூடாது. வீட்டுக்கு வரும் உறவினர் ஒவ்வொருவரும் தம் முகத்தைத் தேடிப் படத்தின் அருகில்தான் போவார்கள். வரிசையில் 20 பேர் நின்றால் ஒருவருக்குக் கிடைப்பதே 300 பிக்சல் அகலம். அதில் முகத்துக்குப் பாதிகூடத் தேறாது. அப்படிப்பட்ட படத்துக்குச் சிறிய அளவே நல்லது என்று வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும், வருமானம் குறைந்தாலும் சரி. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்த கோப்பு சுருக்கப்பட்டிருக்கும் என்பதால், மூலக் கோப்பையே கேட்டு வாங்க வேண்டும்.

கேமராவின் படம் 3:2 விகிதத்தில் இருக்கையில் 30×40 அளவுக்கு ஆர்டர் எடுத்தால், அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். ஓரத்தில் நிற்கும் சித்தப்பா காணாமல் போவது இப்படித்தான். கேன்வாஸ் துணியில் அச்சிட்டால் இழப்பு இன்னும் அதிகம். ஒன்றரை அங்குலத் தடிமனுள்ள கட்டைச் சட்டத்தைச் சுற்றித் துணியை மடித்து அடிக்க, நான்கு பக்கமும் குறைந்தது இரண்டு அங்குலமாவது உள்ளே போய்விடும் என்பதால், பாதங்களும் புடவைக் கரையும் மடிப்பில் சிக்காதபடி முன்கூட்டியே ஓரம் விட வேண்டும்.

ஒளி மிகுந்த திரையில் திருத்திய படம் தாளில் இருண்டு வரும். சோதனைக்காகப் படம் முழுவதையும் சிறிதாக அச்சிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. முகமும் நிழலும் சேர்ந்த ஒரு பகுதியை, இறுதி அளவிலேயே, அதே தாளில், 8×12 துண்டாக அச்சிட வேண்டும். அதை வாடிக்கையாளரின் கூடத்தில், மாலையில் அவர்கள் வழக்கமாகப் போடும் விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தால் நிறம், கூர்மை, இருட்டு மூன்றும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். இந்தச் சிறு செலவைத் தவிர்த்தவர்கள் முழுப் படத்தையும் இரண்டாம் முறை அச்சிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

கண்ணாடி போடுவதா என்பதை எடையும் எதிரொளிப்பும் முடிவு செய்யட்டும். 40×60 அளவுக்கு 4 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே 15 கிலோவைத் தாண்டும். அதே தடிமனுள்ள அக்ரிலிக் அதில் பாதிதான், ஆனால் எளிதில் கீறல் விழும். எதிரே ஜன்னல் இருந்தால் பளபளப்பான தாளும் கண்ணாடியும் படத்தை மறைத்து ஜன்னலையே காட்டும் என்பதால், அங்கே பளபளப்பில்லாத மேட் தாள்தான் பொருந்தும். கண்ணாடி போட்டாலும் அது படத்தின் மேல் படியாமல் இடையில் அட்டை கொடுக்க வேண்டும். ஈரக்காற்று மிகுந்த கடலோர ஊர்களில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் எடுக்க முடியாது.

மாட்டும்போது ஒற்றை ஆணியை நம்பாமல், துளையிட்டு, திருகாணியைப் பிடித்துக்கொள்ளும் பிளக்கை இறக்கி, இரண்டு இடங்களில் திருகாணி போட வேண்டும். குளியலறையை ஒட்டிய சுவரிலும், மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரிலும் மாட்டுவதைத் தவிர்க்க வேண்டும். வேறு சுவர் இல்லையென்றால் சட்டத்தின் பின்மூலைகளில் ரப்பர் குமிழ்கள் ஒட்டிக் காற்றுக்கு இடைவெளி விட வேண்டும். பெரியவர்களின் படங்களைக் கூரையை ஒட்டி முன்சாய்வாக மாட்டும் பழக்கத்தில் பெரிய படத்தையும் மேலே ஏற்றிவிடுகிறார்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடி உயரத்தை ஒட்டி இருந்தால்தான், சோபாவில் அமர்ந்திருப்பவரும் நின்று பார்ப்பவரும் அதை நேருக்கு நேர் பார்க்க முடியும்.