காம்பியாவின் வடகரைச் சாலையில் பறவை பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொப்பி, தண்ணீர், சன்ஸ்கிரீன் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். பார்ராவில் படகை விட்டு இறங்கி, கெரெவான், ஃபராஃபென்னி, கௌர் வழியாக வாசு வரை, மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா ஆற்றின் வடகரையோடு போகும் தார்ச்சாலையில், ஒவ்வொரு சீசனிலும் புதிதாக வருகிறவர்கள் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். நாங்களும் அங்கே சறுக்கியவர்கள் என்பதால் எரிச்சல் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது.

காலை வெயில்

பார்ராவிலிருந்து வண்டி கிழக்கே போகிறது. சூரியன் நேர் முகத்தில். கம்பியில் உட்கார்ந்திருப்பது எதுவானாலும் கறுப்பு உருவம்தான். பறவையைக் கடந்து, சற்றுத் தள்ளி நிறுத்தித் திரும்பிப் பாருங்கள். அபிசீனியப் பனங்காடையின் நீலமும், நம் ஊர்ப் பனங்காடைக்கு இல்லாத அந்த நீண்ட வால் இறகுகளும் அப்போதுதான் தெரியும்.

கதவு

திறக்காதீர்கள். கண்ணாடியை இறக்கினால் போதும்.

நண்பகலை ஓட்டிக் கழிப்பது

பதினொரு மணி ஆனால் போதும், "இனி ஒண்ணும் கிடைக்காது, அடுத்த இடத்துக்குப் போயிடலாம்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அப்புறம் ஏசியைப் போட்டு எண்பதில் விரட்டுவார்கள். இதைவிடப் பெரிய நஷ்டம் இந்தச் சாலையில் இல்லை.

மழை அக்டோபரோடு நின்றுவிடும். பள்ளங்கள் வற்றி, சகாராவிலிருந்து வரும் ஹர்மட்டான் என்ற வறண்ட காற்று தூசியை இறைக்கத் தொடங்கும். பூச்சி தின்னும் பறவைக்கு இரையிலேயே ஈரம் கிடைத்துவிடும். காய்ந்த விதை தின்பவை தினமும் குடித்தே ஆக வேண்டும். பன்னிரண்டு மணிக்கு அவை தண்ணீரடியில்தான் இருக்கும். தண்ணீர் என்றதும் ஏரியைத் தேட வேண்டாம். கைபம்பின் அடியில் வழிந்த சேறு, மாட்டுத் தொட்டியின் கசிவு, பெண்கள் சேர்ந்து போட்ட காய்கறித் தோட்டத்தின் கிணற்றோரம், இவ்வளவு போதும்.

போன சீசனில் கௌரைத் தாண்டி அப்படி ஒரு பம்பு. சலாம் சொல்லி, வீட்டார் நலம் விசாரித்து (இதை இங்கே அவசரமாகச் செய்யக் கூடாது), அனுமதி வாங்கி, வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தினோம். முதலில் புறாக்கள் வந்து, தலை நிமிராமல் உறிஞ்சிக் குடித்துவிட்டுப் போயின. பிறகு நெருப்புச் சில்லைகள், கன்னம் சிவந்த நீலச் சில்லைகள், தொண்டையின் குறுக்கே ரத்தச் சிவப்பில் பட்டை ஓடும் கட்-த்ரோட் சில்லை. திடீரென ஒரு வல்லூறு பாய்ந்தது. நொடியில் இடம் காலி.

"அவ்ளோதான் சார், கிளம்பலாம்" என்று உடன் வந்த தம்பி சாவியைத் திருகினார். எனக்கு வந்த கோபம்! எல்லாம் முள்புதருக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தன. கால்மணி நேரம் சும்மா இருந்தால் ஒவ்வொன்றாக இறங்கியிருக்கும். எஞ்சின் சத்தத்தில்தான் நிஜமாகவே பறந்துபோயின. வாசுவுக்குச் சீக்கிரமே போய்ச் சேர்ந்தோம். மணல் பள்ளத்துச் செந்தொண்டைப் பஞ்சுருட்டான்கள் மாலைவரை அங்கேயேதான் இருந்தன. அவற்றுக்காக ஓடியிருக்கவே வேண்டாம்.

சாயங்காலமும் இதே கதை. நான்குபட்டைக் கல்கௌதாரி இருட்டிய பிறகுதான் தண்ணீருக்கு வரும். அந்நேரம் இவர்கள் விடுதியில் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள்.

புகையைக் கண்டு ஒதுங்குவது

புல் எரிகிறதென்றால் வெட்டுக்கிளிகள் தப்பி ஓடுகின்றன என்று அர்த்தம். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம், பாதுகாப்பான தொலைவில் நில்லுங்கள். பனங்காடைகளும் செம்பஞ்சுருட்டான்களும் புகைக்குள் புகுந்து வரும். சிறகு விரித்தால் செம்பழுப்பாகத் தெரிவது கிராஸ்ஹாப்பர் பஸ்ஸர்ட். நம் வெள்ளைக்கண் வைரிக்கு நெருங்கிய சொந்தம்.

மார்ச்சில் எகிப்தியப் ப்ளோவர்

இந்த நீர்க்கரைப் பறவையைத் தேடி மழை ஓய்ந்ததிலிருந்து ஜனவரி வரைதான் கௌருக்கு நம்பிப் போகலாம்.

சோதனைச்சாவடி

பைனாகுலர் மடியில் இருக்கட்டும், தூக்காதீர்கள். கேமராவும்.