வசந்தகாலத்தில் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை: ஸ்னோஷூ கட்டி உச்சிக்கு ஏறும் முறை

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்திலிருந்து வேலைக்காகவோ படிப்புக்காகவோ அமெரிக்காவின் போர்ட்லாந்து வட்டாரத்துக்குப் போகிறவர்கள், அங்கே வீதியிலிருந்தே தெரியும் பனி மூடிய எரிமலைகளில் ஒன்றிலாவது ஏறிவிட வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்பு. பனியையே மிதித்திராத நம்மவர்களுக்கு அவற்றுள் ஏற்றது வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் செயின்ட் ஹெலன்ஸ்தான் என்பது என் உறுதியான கருத்து. 1980 மே 18 அன்று வெடித்தபோது இந்த மலை தன் உச்சியில் ஏறத்தாழ 400 மீட்டரை இழந்தது. இப்போது அதன் உயரம் 2,549 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் மூச்சு முட்டுமோ என்ற பயம் பாதி போய்விடும். தெற்குப் பக்கத்துப் பாதையில் கயிறு கட்டிக் கடக்க வேண்டிய பனியாற்றுப் பிளவுகளும் இல்லை. நம்மைச் சோதிப்பது மணிக்கொரு விதமாக மாறும் பனி மட்டுமே. அதில் கால் புதையாமல் இருக்கப் பூட்ஸுக்கு அடியில் கட்டிக்கொள்ளும் அகன்ற சட்டம்தான் ஸ்னோஷூ. இந்த விளக்கத்தின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

முதலில் அனுமதிச்சீட்டு

சுமார் 1,460 மீட்டருக்கு மேல் கால் வைக்க அனுமதிச்சீட்டு வேண்டும். ஏப்ரல் 1 முதல் மே 14 வரை நாளொன்றுக்கு 350 பேருக்கும், மே 15 முதல் அக்டோபர் இறுதி வரை 110 பேருக்கும் மட்டுமே தருகிறார்கள். ஒரு மாதத்துக்கான சீட்டுகள் அதற்கு முந்தைய மாதம் முதல் தேதி, அங்குள்ள நேரப்படி காலை 7 மணிக்கு, ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் திறக்கும். ஊரிலிருந்தபடியே பதிவு செய்ய நினைப்பவர்கள் கவனிக்க: மே மாதச் சீட்டு ஏப்ரல் 1 அன்று நம் நேரப்படி இரவு 7.30 மணிக்குத் திறக்கும். ஏப்ரல் மாதச் சீட்டோ மார்ச் 1 அன்று இரவு 8.30 மணிக்குத் திறக்கும். மார்ச் நடுவில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவதுதான் காரணம். (ஓசூரிலிருந்து ஒருவர் மே சீட்டுக்காக 8.30 மணிக்கு உட்கார்ந்து, தான் கேட்ட சனிக்கிழமை தீர்ந்துபோயிருந்ததாக எழுதியதால் இதைச் சேர்த்தேன்.) மே இரண்டாம் ஞாயிறான அன்னையர் நாளில் ஆணும் பெண்ணுமாகக் கவுன் அணிந்து இந்த மலையில் ஏறுவது அங்கே வழக்கம். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் முதல் முறை போகிறவர் அந்தக் கூட்டத்தைத் தவிர்ப்பது நல்லது.

ஏப்ரல் 30 வரை, வண்டி நிறுத்துமிடத்துக்கான ஸ்னோ பார்க் சீட்டையும் தனியாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊரிலேயே செய்யக்கூடிய பயிற்சி

மார்பிள் மவுண்டன் ஸ்னோ பார்க்கிலிருந்து வோர்ம் ஃப்ளோஸ் என்ற பாதை வழியாக உச்சிக்குப் போய்த் திரும்ப ஏறத்தாழ 19 கிலோமீட்டர். செங்குத்தாக ஏறும் உயரம் மட்டும் சுமார் 1,740 மீட்டர். கிருஷ்ணகிரிக் கோட்டை மலையிலோ ராயக்கோட்டையிலோ முதுகில் பத்துக் கிலோ சுமையுடன், வெயில் ஏறும் முன், இறங்கிய கையோடு மறுபடியும் ஏறிப் பழகுங்கள். இறங்கும்போது முழங்கால் எப்படி இருக்கிறது என்பதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஸ்னோஷூ?

வாடகைக்கு எடுத்தாலே போதும். ஆனால் கடையில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது. வட்டக்குழாய்ச் சட்டம் கொண்டவை சமதளக் காட்டுப் பாதைக்கு உகந்தவை. சரிவில் குறுக்கே நடக்கும்போது அவை பக்கவாட்டில் வழுக்கும். எம்எஸ்ஆர் லைட்னிங் அசென்ட் போன்றவற்றில் சட்டமே பல் வைத்த தகடாக இருப்பதால் ஓரமும் பனியைப் பற்றும். பையையும் சேர்த்து எடை 80 கிலோவுக்குள் இருந்தால் 22 அங்குல அளவு போதும். நீளம் கூடினால் செங்குத்தில் தொல்லைதான். குதிகாலுக்குக் கீழே தூக்கி நிறுத்தும் கம்பி இருக்கிறதா என்பதையும் பார்த்து வாங்குங்கள். அது இல்லாமல் ஏறினால் கெண்டைச்சதை இரண்டு மணி நேரத்தில் கைவிட்டுவிடும். அகல வளையம் வைத்த ஊன்றுகோல், இறுகிய பனியில் பிடிப்பதற்காகப் பூட்ஸுக்கு அடியில் பூட்டும் கூர்முனைச் சட்டமான கிராம்பான், பனிக்கோடாரி ஆகியவையும் வேண்டும்.

பட்டைகளை வீட்டு மொட்டை மாடியில் தடித்த கையுறையுடன் பூட்டிப் பழகுவது மிக முக்கியம். ஓசூர் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் வெல்டிங் கையுறையே இதற்குப் போதும். அதைப் போட்டுக்கொண்டு பூட்ட முடிந்தால் மலையில் எதையும் பூட்டலாம். முன்பாதத்தின் அகன்ற பகுதி சுழலும் அச்சுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். பூட்ஸ் ஓர் அங்குலம் முன்னே போனாலும் நுனி தகட்டில் இடித்து, அடிக்கடி தலைகுப்புற விழ வைக்கும்.

உடையும் உணவும்

பருத்தி பனியனை ஊரிலேயே விட்டுவிடுங்கள். வியர்வையில் நனைந்தால் அது காயாது, காற்று அடித்ததும் உடம்பு நடுங்கும். கம்பளி நூலாலோ பாலியஸ்டராலோ ஆன உள்ளாடையே சரி. நம் நிறத்துக்கு வெயில் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு: புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும் என்பதால், வெயில் கீழிருந்தும் சுடுகிறது. தாடையின் அடிப்பக்கம், மூக்குத் துளையின் உள்விளிம்பு, உதடு ஆகிய இடங்களிலும் களிம்பு பூச வேண்டும். கறுப்புக் கண்ணாடி இல்லாதவர் ஏறவே கூடாது.

கடலை மிட்டாய் நல்ல உணவுதான், ஆனால் பையின் வெளியறையில் வைத்தால் பல்லைப் பதம் பார்க்கும் அளவுக்கு இறுகிவிடும். சட்டைக்குள் உடல்சூடு படும்படி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மேலிருந்து கீழாக உறைவதால், போத்தலைத் தலைகீழாகச் செருகி வைத்தால் மூடி அடைபடாது.

ஸ்னோஷூவைக் கழற்றும் இடம்

தொடக்கநிலையினர் பெரும்பாலும் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். வசந்தகாலத்தில் தெளிந்த வானமுள்ள இரவில் பனியின் மேற்பரப்பு சூட்டை இழந்து உறைந்து ஓடு கட்டுகிறது. விடியலில் அது கல் போல இருக்கும்; வெயில் ஏறியதும் மேல்புறம் இளகும்; பிற்பகலில் முழங்கால் வரை புதையும். இரவெல்லாம் மேகம் மூடியிருந்தால் ஓடே கட்டாது, அன்று ஈரப்பனி மொத்தமாகச் சரிந்து விழும் ஆபத்தும் கூடுதல். ஆகவே வடமேற்குப் பனிச்சரிவு மையத்தின் அறிவிப்பைப் பார்த்து, உறைநிலை வரை குளிராத இரவுக்குப் பின் ஏறாமல் இருப்பதே நல்லது. நல்ல நாளாக இருந்தாலும் விடியற்காலை 4 மணிக்கு முன்பே கிளம்பிவிட வேண்டும்.

நடக்கும்போது பூட்ஸ் குதிகாலால் பனியைக் குத்திப் பாருங்கள். தடம் மட்டும் பதிந்தால் ஸ்னோஷூ முதுகிலேயே இருக்கட்டும். கணுக்கால் வரை புதைந்தால் கட்டிக்கொள்ளுங்கள். பாதையில் வரும் சாக்லேட் அருவியைக் கடந்து மரங்கள் முடிந்ததும் சரிவு கூடத் தொடங்கும். அங்கே பனி இறுகிக்கொண்டே போவது காலுக்கு உடனே தெரியாது, ஏனென்றால் ஸ்னோஷூவின் பற்கள் கொஞ்ச தூரம் வரை பிடித்துக்கொண்டுதான் இருக்கும். பிடி விடும் நேரத்தில் நீங்கள் 30 பாகை சரிவின் நடுவில், கழற்றவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நிற்பீர்கள். எனவே ஓரமெல்லாம் கறகறவென்று உரசும் சத்தம் கேட்கத் தொடங்கியதும், அடுத்த சமதளத்திலேயே கிராம்பானுக்கு மாறிவிட வேண்டும்.

மாற்றும் முறை இது: பனியை உதைத்து இரண்டு கால் வைக்கும் அளவுக்குத் திட்டு வெட்டுங்கள். பையை மேட்டுப்பக்கம் வைத்து, அதன் பட்டைக்குள் ஊன்றுகோலைச் செருகி ஆழமாகக் குத்துங்கள். பை உருண்டுவிட்டால் அன்றைய பயணம் அதோடு முடிந்தது. ஒரு காலில் ஸ்னோஷூவைக் கழற்றி, அதே காலில் கிராம்பானை முழுதாகப் பூட்டிய பிறகே மறுகாலைத் தொட வேண்டும். பட்டையின் பூட்டில் பனிக்கட்டி அடைத்திருந்தால் ஊன்றுகோல் கைப்பிடியால் தட்டி எடுங்கள். விரலால் நோண்டினால் கையுறை நனையும்.

தர்மபுரியிலிருந்து ஒருவர், கிராம்பானுக்குப் பதில் சங்கிலி போன்ற மைக்ரோஸ்பைக் போதாதா என்று கேட்டிருந்தார். காட்டுப் பாதைக்குப் போதும், மேல்சரிவுக்குப் போதாது. பனிக்கோடாரியால் சறுக்கலை நிறுத்தும் பயிற்சியையும், கீழே பாறையோ மரமோ இல்லாத சிறு சரிவில் முன்பே செய்திருக்க வேண்டும்.

உச்சியில்

எரிமலை வாயின் விளிம்பில் காற்று திரட்டிய பனி, ஜன்னலுக்கு மேலே நீளும் சன்ஷேடு போல வெற்றிடத்தின் மேல் நீண்டு நிற்கும். அதன் மேல் நிற்பவருக்குக் காலடியில் மலை இல்லை என்பது தெரியாது. 2010இல் ஒருவர் இப்படி அது உடைந்து பள்ளத்தில் விழுந்து இறந்தார். விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே நின்றே படம் எடுங்கள். முன்னால் போனவர்களின் தடம் விளிம்பு வரை போகிறது என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. பாதை விளிம்பைத் தொடும் இடமும் மலையின் மிக உயரமான புள்ளியும் ஒன்றல்ல. பின்னது மேற்கே இருக்கிறது. பனி நிறைந்திருக்கும் நாளில் அதற்காக விளிம்பை ஒட்டி நடப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இறங்கும்போது

மேல்புறம் இளகியதும் உட்கார்ந்தபடி சறுக்கி இறங்கலாம். அதற்கு முன் கிராம்பானைக் கழற்றியே ஆக வேண்டும்; அதன் முனை பனியில் சிக்கினால் கணுக்கால் முறியும். ஏற்கெனவே சறுக்கியவர்கள் உண்டாக்கிய தடம் வழவழப்பாக அழைக்கும், ஆனால் அது உங்கள் முகட்டை விட்டுப் பக்கத்து ஓடைக்குள் கொண்டுபோய் விடலாம். ஆகவே ஒவ்வொரு சறுக்கலுக்கும் பிறகு ஜிபிஎஸ்ஸில் ஏறிய தடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மரங்கள் தொடங்கும் இடத்தில் பனி புதையத் தொடங்கும். ஸ்னோஷூவை மறுபடியும் கட்ட வேண்டிய இடம் அதுதான். ஓடைகளின் மேல் காலையில் தாங்கிய பனிப்பாலம் பிற்பகலில் தாங்காது என்பதால், கோலால் குத்திப் பார்த்து, ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும்.