டிஸ்க் கோல்ஃப் புதுசா ஆடுறவங்க தவிர்க்க வேண்டிய தப்புகள் (முக்கியமா அந்த டிரைவர் விஷயம்)

டிஸ்க் கோல்ஃப்னா கோல்ஃப் மாதிரிதான், ஆனா பந்துக்குப் பதிலா ஒரு பிளாஸ்டிக் தட்டை (டிஸ்க்) கையால எறிஞ்சு கூடைக்குள்ள (பாஸ்கெட்) போடணும். புதுசா வந்த ஒருத்தர் டீ பேட்ல (முதல் த்ரோ எறியிற மேடை) ஏறி பையில இருந்து பளபளன்னு ஒரு டிரைவரை (ரொம்ப தூரம் எறியிறதுக்கான டிஸ்க்) எடுத்தாலே அது எங்க விழும்னு எறியிறதுக்கு முன்னாடியே சொல்லிடலாம். வலது கை பேக்ஹேண்ட்னா (கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து எறியிறது) இடது பக்கம், புதருக்குள்ள. நாங்கல்லாம் ஆடின அதே கூத்துதான், இன்னும் அப்படியே ஓடுது. தண்ணி எடுத்துட்டு வாங்க, நல்ல ஷூ போடுங்கங்கிற ரகம் உங்களுக்கே தெரியும், அதையெல்லாம் விட்டுடறேன்.

முதல் டிஸ்க்கே ஸ்பீடு 12 டிரைவர்

இதைப் பார்த்தா எனக்கு இன்னும் எரிச்சல் வருது. டிஸ்க் மேல நாலு நம்பர் இருக்கும்: ஸ்பீடு, கிளைடு (காத்துல மிதக்கிறது), டர்ன் (ஆரம்பத்துல வலது பக்கம் திரும்புறது), ஃபேடு (கடைசியில இடது பக்கம் சாயுறது). இன்னோவா கம்பெனியோட டெஸ்ட்ராயர்ங்கிற டிரைவர்ல அது 12, 5, -1, 3. வாங்குறவர் கண்ணு நேரா அந்த 12 மேலதான் போகும், அதிகமா இருந்தா அதிக தூரம் போகும்னு நினைச்சுக்குவார். அப்படி இல்லங்க. அந்த டிஸ்க் ஒழுங்கா பறக்கணும்னா உங்க கையில இருந்து எவ்வளவு வேகம் கிளம்பணும்ங்கிறதைத்தான் அந்த 12 சொல்லுது. அந்த வேகம் வரலைன்னா வலது பக்கம் திருப்புற -1 வேலையே செய்யாது, இடது பக்கம் இழுக்கிற 3 மட்டும் சீக்கிரமே வந்து உட்கார்ந்துக்கும்.

சரி, இடது பக்கம் போனா போகட்டும், ஒரு டிஸ்க்தானேன்னு கேட்கலாம். நஷ்டம் டிஸ்க்ல இல்ல, கையில. இடது பக்கமே போகுதேன்னு மனுஷன் தன்னையறியாம வெளி விளிம்பைத் தூக்கிப் பிடிப்பார், விடுற நேரத்துல மணிக்கட்டைத் திருப்புவார், முன் விளிம்பு வேற வானத்தைப் பார்க்கும், இதெல்லாம் சேர்ந்து ஏதோ ஒரு த்ரோ நேரா போயிடுச்சுன்னா அவ்வளவுதான், அதையே பழக்கமாக்கிடுவார். அப்புறம் அதே கையில ஒரு பட்டரை (கிட்டக்க இருந்து கூடையில போடுற மெதுவான டிஸ்க்) கொடுத்துப் பாருங்க, வலது பக்கம் கவிழ்ந்து தரையில உருண்டு ஓடும். இந்தப் பழக்கத்தை மாத்துறது புதுசா கத்துக்கிறதை விட கஷ்டம்.

எங்க கூட ஆட வந்த ஒரு அண்ணன், நல்ல கை பலம், பவுண்டரி லைன்ல இருந்து கீப்பர் கைக்கு நேரா பந்தை அனுப்புற ஆளு. பை நிறைய டிரைவர். எல்லாமே இடது பக்கம். என் பட்டரை நீட்டினேன். "இது கிட்டக்க இருந்து கூடைக்குள்ள போடுறதுக்குத்தானே தம்பி"ன்னு ஒரு மாதிரி பார்த்தார். சும்மா எறிங்கண்ணேன்னேன். ஓடி வராம நின்ன இடத்துல இருந்தே எறிஞ்சார், ஆடாம அசையாம நேரா போய் அவரோட டிரைவரையெல்லாம் தாண்டி விழுந்துச்சு. அடுத்த ஹோல்ல மறுபடி டிரைவரைத்தான் எடுத்தார், என்னத்தைச் சொல்ல.

ஒரு பட்டர் (அவியார் மாதிரி, 2, 3, 0, 1), ஒரு மிட்ரேஞ்ச், அதாவது பட்டருக்கும் டிரைவருக்கும் நடுவுல உள்ள டிஸ்க் (பஸ் மாதிரி, 5, 4, -1, 1), ஆரம்பத்துக்கு இது ரெண்டும் போதும். மிட்ரேஞ்ச் நீங்க சொன்ன இடத்துக்குப் போக ஆரம்பிச்சதும் ஸ்பீடு 6, 7ல ஒரு ஃபேர்வே டிரைவர் (டிரைவர்லயே வேகம் கம்மியானது) வாங்குங்க. கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி.

முன் விளிம்பு தூக்குறது

டிஸ்க் மேல ஏறி, நடுவானத்துல நின்னு, அப்படியே இடது பக்கம் சரியுதா? கை பலம் பத்தலைன்னு அர்த்தம் இல்ல, முன் விளிம்பு தூக்கியிருக்கு. கட்டைவிரலை மேல் தட்டுல நல்லா அழுத்திப் பிடிங்க, மணிக்கட்டை லேசா கீழ இறக்குங்க.

ஓடி வந்து எறியிறது

முதல்ல நின்னுட்டு எறிங்க.

பட் பண்ணிட்டு அப்படியே முன்னாடி நடக்கிறது

பாஸ்கெட்ல இருந்து 10 மீட்டருக்குள்ள இருக்கும்போது, எறிஞ்சதும் மார்க்கருக்கு (டிஸ்க் விழுந்த இடத்தைக் காட்ட வைக்கிற சின்ன டிஸ்க்) பின்னாடியே பேலன்ஸா நின்னு காட்டிட்டுத்தான் முன்னாடி கால் வைக்கணும். நண்பர்களோட ஆடும்போது யாரும் கண்டுக்க மாட்டாங்க, அதனாலேயே பழகிடும், முதல் டோர்னமென்ட்ல பக்கத்துல நிக்கிறவர் ஃபுட் ஃபால்ட்னு சொல்லும்போதுதான் உறைக்கும்.

பச்சை கலர் டிஸ்க்

புல்லும் பச்சை. வேணாம்.

டிஸ்க்ல பேர், போன் நம்பர் எழுதாதது

எழுதுங்க. அடியில, பர்மனென்ட் மார்க்கர்ல.

முன்னாடி ஆள் இருக்கும்போது எறியிறது

நம்ம தூரம் அவ்வளவு போகாதுன்னு நினைச்சு எறியிற அன்னிக்குத்தான் போகும். டிஸ்க் கிட்டத்தட்ட 175 கிராம் கெட்டி பிளாஸ்டிக், டிரைவர் விளிம்பு வேற கூர்மை. முன்னாடி குரூப் பாஸ்கெட்டை விட்டு நகர்ற வரைக்கும் காத்திருங்க. கை தவறி ஆள் பக்கம் போயிடுச்சுன்னா கூச்சப்படாம "ஃபோர்!"னு தொண்டை கிழிய கத்துங்க, மன்னிப்பெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம்.