பேர் ஒன்று, இடம் வேறு: நுண்சுருதிப் பெயர்களில் நாம் செய்யும் தவறுகள்

தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறையில் கீபோர்டு சொல்லிக் கொடுக்கிறேன். ஆர்மோனியம் வந்தால் ரீடு சுரண்டி சுருதி சேர்த்தும் கொடுப்பேன். கொஞ்ச நாளாக வகுப்புக்கு வரும் பையன்கள் போனைக் காட்டி 'மைக்ரோடோனல்' என்கிறார்கள், பன்னிரண்டு கட்டைக்கு நடுவே விழும் நுண்சுருதிகளாம். ஸ்தாயியை (ஒரு ச-விலிருந்து அடுத்த ச வரை) 19ஆகப் பிரிக்கலாமாம், 31ஆகப் பிரிக்கலாமாம், கானாவுக்கு நடுவே அராபிய ஸ்வரம் ஒன்றைச் செருகலாமாம். செருகட்டும், நல்லதுதான். காது அவர்களுக்குக் கூர்மையாகவே இருக்கிறது. சறுக்குவது பெயரில்.

போன மாதம் ஒருத்தன் தம்புரா ஆப்பை ஓடவிட்டு, சி கட்டையை சட்ஜமாக (ச) வைத்து, அந்தர காந்தாரத்தை (மேல் க, அதாவது ஈ கட்டை) அழுத்திப் பிடித்தான். "மாஸ்டர், இந்தக் கட்டை சுருதி விலகியிருக்கு, கேளுங்க, ஆடுது" என்றான். ஆடத்தான் செய்தது. ஆனால் கீபோர்டில் கோளாறு எதுவும் இல்லை. ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் என்று வைத்து அளக்கும் வழக்கம் 1885இல் அலெக்சாண்டர் எல்லிஸ் என்ற ஆங்கிலேயர் எழுதியதிலிருந்து வருகிறது. அந்தக் கணக்கில் கீபோர்டின் காந்தாரம் 400. தம்புராவின் தந்தியிலிருந்து தானாக எழும் சுயம்பு காந்தாரம் 5/4 விகிதம், அதாவது 386. இந்த 14 சென்ட்தான் அவன் கேட்ட ஆட்டம். பஞ்சமத்தின் மேல் பஞ்சமமாக நாலு முறை ஏறி, ஸ்தாயியைக் குறைத்துக்கொண்டு வந்தால் இன்னொரு காந்தாரம் கிடைக்கும்: 81/64, சுமார் 408. மூன்றுக்கும் பேர் அந்தர காந்தாரம்தான்.

பெயரையே அளவென்று நம்புவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ராயபுரத்துப் பழைய வீடுகளில் ஒரே கதவு எண்ணுக்குள் ஆறு குடித்தனம் இருக்கும், எந்த போர்ஷன் என்று தபால்காரர் கேட்பார். அதே கதைதான் இங்கேயும். ஆர்மோனிய ரீடின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். வெறுமனே 'அந்தர காந்தாரம் வையுங்கள்' என்றால் நான் எந்தப் பக்கம் சுரண்டுவது? பெயரோடு விகிதத்தையோ சென்ட்டையோ எழுதிக் கொடுத்தால்தான் வேலை நடக்கும்.

அடுத்தது 22 சுருதி, அதாவது ஒரு ஸ்தாயிக்குள் 22 நுண்ணிய இடங்கள் என்ற பழைய கணக்கு. இதைப் பற்றிப் பேசாத ஆளே கிடையாது, கணக்குப் போட்டுப் பார்த்த ஆள்தான் குறைவு. 1200ஐ 22ஆல் வகுத்து, ஒரு சுருதி 54.5 சென்ட் என்று எழுதிவிடுகிறார்கள். நாட்டிய சாஸ்திரக் கணக்கில் ச-விலிருந்து ப-வுக்கு 13 சுருதி. 13ஐ 54.5ஆல் பெருக்கினால் 709 வரும். தம்புராவின் பஞ்சமமோ 702. ஏழு சென்ட் விலகிய பஞ்சமத்தைத் தம்புராவோடு வைத்துப் பாருங்கள், காது கூசும். விகிதங்களை வைத்து 22 இடங்களைக் கணக்கிடுகிறவர்கள் ஒரு சுருதிக்கும் அடுத்ததற்கும் நடுவே 22, 70, 90 சென்ட் என்று மூன்று விதமான இடைவெளிகளைக் காட்டுகிறார்கள். சம பாகம் அதில் எங்கும் இல்லை. சதுஸ்ருதி ரிஷபம் (சி-யை ச என்றால் டி கட்டை) என்ற பெயரில் 'நாலு' இருக்கிறதே என்று நாலால் பெருக்குவதும் வேண்டாம். பெருக்கினால் 218 வரும், கட்டை 200இல் இருக்கும். இன்றைக்கு அது வெறும் பெயர்தான்.

தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளிவந்த 'கருணாமிர்த சாகரம்' நூலில் 22ஐ மறுத்து, 24 சம சுருதிகளுக்காக வாதாடினார். ஒரு சுருதி 50 சென்ட். அவர் சொன்னதை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் 22இல் இருந்து ஒரு பெயரை எடுத்து 24இன் எண்ணை அதன்மேல் ஒட்டக் கூடாது. பையன்களின் நோட்டில் நான் அடிக்கடி பார்ப்பது இந்தக் கலவைதான்.

ஏழு ஸ்வரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களுக்கு வருவோம். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். குரல் என்றால் ச என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறோம். அவற்றுக்குச் சொல்லப்படும் மாத்திரை (சுருதி எண்ணிக்கை) 4, 4, 3, 2, 4, 3, 2. வடமொழி நூலில் சரிகமபதநி வரிசைக்கு 4, 3, 2, 4, 4, 3, 2. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வடமொழி வரிசையை ம-விலிருந்து தொடங்கிப் பாருங்கள்: 4, 4, 3, 2, 4, 3, 2. அப்படியே பொருந்துகிறது! குரலை ச என்பதா, ம என்பதா என்று அறிஞர்கள் இவ்வளவு காலம் சண்டை போட்டதற்கு இப்படி ஒரு காரணம் உண்டு. எந்தக் கட்சியில் இருக்கிறீர்கள் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டு எழுதுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு தனிப் பொறி இருக்கிறது. மேளகர்த்தாவின், அதாவது தாய் ராகத்தின், பெயரில் முதல் இரண்டு எழுத்தை எண்ணாக்கித் திருப்பிப் போட்டால் மேள எண் வரும் என்பது கடபயாதி. சரி, கரகரப்பிரியாவை எடுங்கள். க 1, ர 2, திருப்பினால் 21. ஆனால் 21 கீரவாணி! வடமொழியில் கரகரப்பிரியாவுக்கு இரண்டாம் க, அதற்கு மதிப்பு 2, ஆக 22. கௌரிமனோகரிக்கு மூன்றாம் க, ஆக 23. நம் எழுத்தில் மூன்றுக்கும் ஒரே க. தமிழ் எழுத்தை வைத்துக் கடபயாதி போடாதீர்கள், எண்ணை மனப்பாடம் செய்வதே மேல்.

எண்ணிலும் இரண்டு பட்டியல் உண்டு என்பது இன்னொரு தலைவலி. முத்துசுவாமி தீட்சிதர் வழியில் 22ஆவது மேளம் ஸ்ரீராகம், 65ஆவது சாந்தகல்யாணி, 1ஆவது கனகாம்பரி. இன்று பாடத்தில் படிப்பது கரகரப்பிரியா, மேசகல்யாணி, கனகாங்கி. தீட்சிதர் குடும்பத்தை ஆதரித்தவர்கள் மணலி முதலியார்கள், நமக்குப் பக்கத்து ஊர்தான். அதற்காக அந்தப் பட்டியலையும் இதையும் ஒரே அட்டவணையில் கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும். சம்பூரணமாக ஏறி இறங்காத ராகங்களும் அங்கே மேளமாக இருக்கின்றன.

தோடியில் நானே அடி வாங்கியிருக்கிறேன். பெரம்பூரில் ஒரு கல்யாண வரவேற்பு. புல்லாங்குழல்காரர் இந்துஸ்தானி படித்தவர். "தோடி" என்றேன், தலையாட்டினார். அவர் பிரதி மத்தியமத்தில் (மேல் ம) ஏற, நான் சுத்த மத்தியமத்தை (கீழ் ம) பிடித்துக்கொண்டு நிற்க, மேடையில் நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறி முழித்தோம். அவர்களுடைய தோடிக்குக் கிட்டத்தில் இருப்பது நம் சுபபந்துவராளி. நம் தோடியின் ஸ்வரங்கள் அவர்களுக்கு பைரவி. 'சுத்த ரிஷபம்' என்றாலும் இதே வில்லங்கம்: நமக்கு 100 சென்ட் பக்கம், அவர்களுக்கு 200 பக்கம்.

மேற்கத்திய பெயர்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சி ஷார்ப்பும் டி ஃபிளாட்டும் ஒரே கட்டை என்பது 12 பிரிவில்தான். 19 சம பிரிவில் சி ஷார்ப் 63 சென்ட், டி ஃபிளாட் 126. 53 சம பிரிவில் தலைகீழ்: டி ஃபிளாட் 91, சி ஷார்ப் 113. அப்புறம் 13 என்று பார்த்தவுடன் ஸ்தாயியை 13ஆல் வகுக்காதீர்கள். போலன்-பியர்ஸ் என்ற 13 படி ஸ்கேலில் பிரிக்கப்படுவது ஸ்தாயியின் 2/1 அல்ல, அதைவிட அகன்ற 3/1. ஒரு படி 146 சென்ட்.

காந்தாரம் ஆடுகிறது என்று வந்த பையன் கதை பாக்கி இருக்கிறது. கட்டைகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கீபோர்டின் ஸ்கேல் டியூனில் போய் அந்தக் கட்டையை 14 சென்ட் இறக்கச் சொன்னேன். ஆட்டம் நின்றது, அவன் முகம் மலர்ந்தது. 'க மைனஸ் 14' என்று பேர் வைத்து சேமித்துக்கொண்டு போனான். இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. "மாஸ்டர், அன்னிக்கு நல்லா இருந்துச்சு. இன்னிக்கு ரிஷபம் இறங்குது, காந்தாரம் மறுபடியும் ஆடுது."

"எத்தனை கட்டையில வாசிக்கிற?"

"பாடுறவருக்கு ரெண்டு கட்டை வேணும்னார், டி-ல இருந்து வாசிக்கிறேன்."

சேமித்த பெயரில் காந்தாரம் இருந்தது. கீபோர்டுக்குத் தெரிந்ததெல்லாம் ஈ என்ற கட்டை மட்டும்தான்.