குழந்தையிடம் கேட்கக் கற்றுக்கொடுப்பது எப்படி: போக்சோ பயிற்சி வகுப்பு நடத்துபவர்களுக்கு

முதல் நாள் காலையிலேயே போக்சோவின், அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின், பிரிவுகளை புரொஜெக்டரில் போட்டுவிடாதீர்கள். வந்திருப்பவர்களில் பாதிப் பேர் மகளிர் காவல் நிலைய சப்-இன்ஸ்பெக்டர்கள். பிரிவு எண்கள் அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். மீதிப் பேர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஊழியர்கள், ஆஸ்பத்திரி கவுன்சலர்கள், ஒன்றிரண்டு டாக்டர்கள். டீ வருவதற்குள் எல்லாரும் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

சென்னையில் நான் இந்த வகுப்பை எடுக்கும்போது முதல் வேலையாக எல்லாரையும் இருவர் இருவராக உட்கார வைப்பேன். ஒருவர், நேற்று வேலை முடிந்து வீடு போய்ச் சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும். இன்னொருவர் கேட்க வேண்டும். கேட்பவருக்கு மூன்று வாக்கியங்கள்தான் அனுமதி: "முதல்லேர்ந்து சொல்லுங்க", "அப்புறம் என்ன ஆச்சு?", "அதைப் பத்தி இன்னும் சொல்லுங்க". பெரும்பாலானவர்கள் முதல் நிமிடத்திலேயே வழுக்கிவிடுவார்கள். "பஸ்ஸா, மெட்ரோவா?" "கிண்டி வழியாவா?" "செம கூட்டமா இருந்திருக்குமே?" முடிந்ததும், சொன்னவரைப் பார்த்து நீங்கள் கேளுங்கள்: சொல்ல வந்ததில் எதை விட்டுவிட்டீர்கள்? வழியில் ஒரு பிளாட்பாரக் கடையில் மகளுக்கு வளையல் வாங்கியதை, அவருக்கு முக்கியமான அந்த ஒன்றை, சொல்லியிருக்கவே மாட்டார். கேள்விக்குப் பதில் சொல்லப் போய்விட்டார். பதவியில் இருக்கும் பெரிய ஆளுக்கே இப்படி என்றால் ஏழு வயதுக் குழந்தையைப் பற்றி நீங்கள் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

வெளிநாடுகளில் ஃபாரன்சிக் இன்டர்வியூ, அதாவது வழக்குக்காகக் குழந்தையிடம் நடந்ததைக் கேட்டுப் பதிவு செய்யும் பேட்டி, எடுப்பதற்கென்றே தனி ஆட்கள் உண்டு. நம் ஊரில் அப்படி ஒரு பதவி இல்லை. தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல் ஆயிரம் விளக்கில் தொடங்கியது. இன்றும் அத்தகைய நிலையங்களில், காலையில் வரதட்சணைப் புகாரும் மதியம் கணவன் மனைவி பஞ்சாயத்தும் பார்த்த அதே அதிகாரிதான் சாயங்காலம் குழந்தையின் ஸ்டேட்மென்ட்டையும் எழுதுகிறார். அவருக்குப் பிறகு டாக்டர், குழந்தைகள் நலக் குழு, மாஜிஸ்திரேட். ஆளுக்கொரு தடவை "என்னம்மா நடந்துச்சு?" ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் நகரும். அந்த நகர்வைத்தான் குறுக்கு விசாரணையில் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே உங்கள் வகுப்பின் நோக்கம் ஒன்றுதான்: குழந்தை முதல்முறை முழுதாகச் சொல்வது அதன் சொந்த வார்த்தையில், கேட்டவரின் கேள்வியோடு சேர்ந்து, பதிவாக வேண்டும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மெக்மார்ட்டின் பாலர் பள்ளிப் பாலியல் வழக்கு 1983-ல் தொடங்கி 1990-ல் ஒருவர்கூடத் தண்டிக்கப்படாமல் முடிந்தது. குழந்தைகளிடம் கைப்பாவைகளை வைத்துக்கொண்டு, "மத்தவங்க எல்லாம் சொல்லிட்டாங்களே" என்ற தோரணையில் கேட்டிருந்தார்கள். உண்மையில் என்ன நடந்தது என்று யாருமே பிரித்தெடுக்க முடியாமல் போனது. அதற்குப் பிறகு, 1990-களில் மைக்கேல் லாம் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் உருவாக்கிய, என்.ஐ.சி.ஹெச்.டி. என்ற அமெரிக்கக் குழந்தைகள் நல ஆய்வு நிறுவனத்தின் பெயரால் வழங்கும் நெறிமுறைதான் இன்று பல நாடுகளில் அடிப்படை. திறந்த கேள்விக்கு, அதாவது ஆமா-இல்லை என்று முடியாமல் குழந்தையையே விவரிக்க விடும் கேள்விக்கு, வரும் பதில் நீளமாகவும் நம்பகமாகவும் இருக்கும் என்பது அதன் சாரம். இதை வகுப்பில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். நேரத்தை நம் தமிழுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் தமிழில் குழந்தையின் வாயில் பதிலை ஊட்டுவது ரொம்ப சுலபம். வினைச்சொல்லின் கடைசியில் ஒரு "ஆ" சேர்த்தால் போதும். "தொட்டானா?" "ரூமுக்குக் கூட்டிட்டுப் போனானா?" குழந்தை தலையாட்டும். "தானே", "இல்ல?", "அப்படித்தான?" எல்லாம் இன்னும் மோசம். "பயப்படாம சொல்லு" என்பது ஆறுதல் மாதிரி இருக்கும். ஆனால் பயப்படும்படி ஏதோ இருக்கிறது என்ற செய்தி அதற்குள் இருக்கிறது. "சமத்துப் பொண்ணுல்ல, சொல்லு" என்றால், சொல்லாவிட்டால் சமத்து இல்லை. "ஏன் அப்பவே அம்மாகிட்ட சொல்லல?" என்று கேட்டால் அது குற்றச்சாட்டாகவே குழந்தையின் காதில் விழும்.

இதை விரிவுரையாகச் சொன்னால் தலையாட்டுவார்கள், மாற மாட்டார்கள். அவரவர் குரலை அவரவரே கேட்க வேண்டும். ரோல்-பிளேயை போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிறகு அதில் பத்து நிமிடத்தை, கேள்வியும் பதிலுமாக, "ம்", "சரி" உட்பட, கையால் எழுதச் சொல்லுங்கள். திட்டுவார்கள். எழுதட்டும். எழுதி முடித்ததும் ஸ்கெட்ச் பேனா கொடுங்கள். "சொல்லு", "அப்புறம்" வகைக்குப் பச்சை. குழந்தை ஏற்கெனவே சொன்னதைப் பிடித்து யார், எங்கே, என்ன என்று கேட்டால் நீலம். ஆமா-இல்லை, இதுவா-அதுவா என்றால் மஞ்சள். குழந்தை சொல்லாததைக் கேட்பவர் உள்ளே நுழைத்தால் சிவப்பு. பல வருட அனுபவம் உள்ள இன்ஸ்பெக்டரின் தாளில் பச்சையே இல்லாததை அவரே பார்ப்பார். நீங்கள் ஒரு வார்த்தை விமர்சனம் சொல்ல வேண்டியதில்லை.

குழந்தையாக நடிக்க யார்? உண்மையான வழக்கில் உள்ள குழந்தையைப் பயிற்சிக்கு எந்தக் காரணத்துக்காகவும் கொண்டு வரக் கூடாது. சமூகப் பணி படிக்கும் மாணவர்களை அழைத்து ஒரு பக்கக் கதையைக் கொடுத்து நடிக்கச் சொல்லலாம். அவர்களுக்கு ஒரே கட்டளை: கேட்டதற்கு மட்டும் பதில், கேள்வி மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருந்தால் தலையை மட்டும் ஆட்டு. திறந்த கேள்வி கேட்டுப் பழக இன்னொரு வழியும் உண்டு. வீட்டில் பெற்றோர் சம்மதத்தோடு ஒரு குழந்தையிடம் போன வாரப் பிறந்தநாள் விழாவைப் பற்றிக் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். "அப்புறம்?" என்பதற்கு எவ்வளவு வரும் என்று கண்டு ஆச்சரியப்பட்டுத் திரும்புவார்கள்.

பேச்சுத் தமிழில் தடுக்கி விழும் இடங்கள்

இதற்கு ஒரு முழு மதியம் ஒதுக்குங்கள். "டியூஷன்ல அவங்க கூப்பிட்டாங்க" என்று குழந்தை சொல்கிறது. மரியாதையா, பன்மையா? டியூஷன் மாஸ்டர் ஒருவரைத்தான் சொல்கிறது. எழுதுபவர் பல பேர் என்று புரிந்துகொண்டால் ஒரு வழக்கு கூட்டுக் குற்றமாகிவிடும். பிறகு கோர்ட்டில் "ஒருத்தர்தான்" என்று குழந்தை சொல்லும்போது பொய் சொன்னதாக ஆகும். அதற்காக உடனே "ஒருத்தரா, ரெண்டு பேரா?" என்று பாயக் கூடாது. "அப்போ அங்க யார் யார் இருந்தாங்கன்னு சொல்லு" என்றால் தெளிவாகிவிடும்.

உறவுச் சொல் அடுத்தது. சென்னையில் தாய்மாமனும் மாமாதான், ஆட்டோ ஓட்டுபவரும் மாமாதான், தண்ணி கேன் போடுபவரும் மாமாதான். ஸ்டேட்மென்ட்டில் வெறுமனே "மாமா" என்று எழுதிவிட்டுப் போனால் தப்பான ஆள் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பார். "அந்த மாமாவைப் பத்திச் சொல்லு, எங்க பார்ப்பே?" என்று கேட்கப் பழக்குங்கள்.

காலத்தைப் பற்றி: சின்னக் குழந்தைக்கு நடந்து முடிந்த எல்லாமே "நேத்து" ஆகலாம். தேதி கேட்டு வதைக்க வேண்டாம். "எத்தனை தடவை?" என்பதற்கு வரும் எண்ணும் நிற்காது. ஒரு தடவையா, அதற்கு மேலா என்று தெரிந்துகொண்டு, கடைசியாக நடந்ததை, நன்றாக ஞாபகம் இருப்பதை, தனித்தனியாகச் சொல்ல விடுங்கள். "அன்னைக்கு வேற என்ன நடந்துச்சு?" என்றால் "கலர் டிரஸ் போட்டுட்டுப் போனேன்" என்று வரும். பள்ளியில் விசாரித்தால் அந்த நாள் கிடைத்துவிடும்.

அப்புறம் உடல் உறுப்புகளின் பெயர்கள். குழந்தை வீட்டில் என்ன சொல்கிறதோ அதையே எழுத வேண்டும். நம்மவர்களுக்கு அதை உரக்கச் சொல்லவே வராது. குரலைத் தாழ்த்துவார்கள். குழந்தை அதைக் கவனித்து, இது பேசக் கூடாத விஷயம் என்று வாயை மூடிக்கொள்ளும். ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் வீட்டில் கேட்ட சொற்களை எழுதி, கலந்து, ஒவ்வொருவராக எடுத்துச் சாதாரணக் குரலில் வாசிக்கச் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் சிரிப்பாகத்தான் இருக்கும். பிறகு அடங்கிவிடும்.

எழுத்துத் தமிழும் ஒரு பொறி. ஆறு வயதுக் குழந்தை சொன்னதாக "மேற்படி நபர் என்னைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார்" என்று டைப் செய்திருப்பார்கள். "இந்த வார்த்தையை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்ற ஒரே கேள்வியில் அந்த ஸ்டேட்மென்ட் கிழிந்துவிடும். குழந்தை சொன்னபடியே பதிவு செய்ய வேண்டும் என்று போக்சோ சட்டத்தின் 25, 26 பிரிவுகளே சொல்கின்றன. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164 என்றும், 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 183 என்றும் சொல்லப்படும் மாஜிஸ்திரேட் வாக்குமூலத்துக்கும் இதேதான்.

உரையாடலின் படிகள்

வரிசையை மனப்பாடம் செய்ய வைக்கலாம், அதில் தப்பில்லை. முதலில் தன்னை அறிமுகம் செய்துகொள்வது. பிறகு விதிகள். இங்கே நம் பிள்ளைகளுக்குக் கூடுதல் உழைப்பு தேவை. பள்ளியில் "தெரியாது" என்றால் அடி, பெரியவரைத் திருத்தினால் எதிர்த்துப் பேசுவதாகப் பெயர். அதனால் விதியைச் சொன்னால் போதாது, ஒத்திகை பார்க்க வேண்டும். "எங்க வீட்டு நாய் பேர் என்ன?" "தெரியாது." "கரெக்ட், தெரியலன்னா அப்படித்தான் சொல்லணும்." "உனக்குப் பன்னெண்டு வயசுன்னு நான் சொன்னா?" "இல்ல, ஏழு." "ஆமா, நான் தப்பா சொன்னா இப்படித் திருத்தணும்."

அடுத்து, வழக்குக்குச் சம்பந்தமில்லாத ஒரு நிகழ்ச்சியை முழுதாகச் சொல்ல வைப்பது. அவசரத்தில் எல்லாரும் தாவிவிடும் படி இதுதான். நீளமாகப் பேசலாம், இந்த அக்கா குறுக்கே வர மாட்டார் என்று குழந்தை கற்றுக்கொள்வது இங்கேதான். பிறகு, "இன்னைக்கு எதுக்கு என்கிட்ட பேச வந்திருக்கேன்னு சொல்லு." பதில் வராவிட்டால் மௌனம். மனதுக்குள் பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். அதற்கும் வராவிட்டால், "நீ டாக்டர்கிட்ட ஏதோ சொன்னேன்னு கேள்விப்பட்டேன்" என்பது வரை போகலாம். ஆள் பெயரையோ செயலையோ நாமாகச் சொல்லக் கூடாது. சொல்லாத குழந்தையை வற்புறுத்தாமல் நல்லபடியாகப் பேசி முடித்து அனுப்ப வேண்டும், இன்னொரு நாள் உண்டு. நடுவில் சாக்லேட் நீட்டுவது, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்வது இரண்டும் கூடாது. முதலாவது லஞ்சம், இரண்டாவது பொய்.

இடம், உடை பற்றி சட்டத்தின் 24-ம் பிரிவு தெளிவாக இருக்கிறது: குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, யூனிஃபார்ம் இல்லாமல். ஆனால் சுடிதாரில் வந்த அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கினால் என்ன பயன்? ஹவுசிங் போர்டு பிளாக்கில் ஜீப் நின்றால் மூன்றாவது மாடி வரை செய்தி போய்விடும். ஆட்டோவில் போகட்டும். வீடு ஒரே அறையாக இருந்து, குற்றம் சாட்டப்பட்டவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தால் வேறு இடம் தேட வேண்டும்.

பெற்றோரோ குழந்தை நம்பும் வேறொருவரோ கூட இருக்க வேண்டும் என்கிறது 26-ம் பிரிவு. நடைமுறையில் அம்மா, "நேத்து என்கிட்ட சொன்னல்லடி, அதைச் சொல்லு" என்று ஆரம்பிப்பார். நாற்காலியைக் குழந்தையின் பார்வைக்குப் பின்னால் போடவும், முன்கூட்டியே அம்மாவிடம் தனியாகப் பேசவும் பழக்குங்கள். ரோல்-பிளேயில் அந்த அம்மா வேடத்தை வகுப்பிலேயே சீனியரான அதிகாரிக்குக் கொடுங்கள். பிரமாதமாகச் செய்வார்கள்!

சவுகார்பேட்டையில் இந்தி பேசும் குழந்தை, ஓ.எம்.ஆர். கட்டுமானத் தளத்தில் ஒடியா பேசும் குழந்தை, சைகை மொழி தேவைப்படும் குழந்தை என்று வரும்போது மொழிபெயர்ப்பாளரோ சிறப்பு ஆசிரியரோ வேண்டும். அவர்களையும் வகுப்புக்குக் கூப்பிடுங்கள். நல்ல மனதோடு கேள்வியை மென்மையாக்கி, பதிலை ஒழுங்குபடுத்திச் சொல்வது அவர்கள் வழக்கம். பச்சைக் கேள்வியாகக் கேட்டது சிவப்புக் கேள்வியாகக் குழந்தையிடம் போய்ச் சேரும். பள்ளி ஆசிரியர்களை மட்டும் இதில் கலக்காதீர்கள். அவர்களுக்குத் தேவை அரை நாள் வகுப்பு: குழந்தை சொன்னதைக் கேள், தோண்டாதே, சொன்னபடி குறித்துவை, காவல் நிலையத்திலோ குழந்தைகள் உதவி எண் 1098-லோ உடனே தெரிவி. தெரிவிக்காமல் விடுவது சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, பயிற்சி முடிந்த பிறகு நடப்பது. லாம் குழுவே 2002-ல் காட்டியது: தொடர்ந்து கருத்துச் சொல்ல ஆள் இருக்கும்வரை திறந்த கேள்விகள் இருக்கும், மேற்பார்வை நின்றதும் பழைய பழக்கம் திரும்பிவிடும். எனவே மாதம் ஒருமுறை நான்கைந்து பேர் கூடி, பெயர், ஊர், பள்ளி எல்லாவற்றையும் நீக்கிய எழுத்துப் பிரதியை வைத்து அதே நான்கு வண்ணம் தீட்ட வேண்டும். பிரதி தாளிலேயே இருக்கட்டும், வாட்ஸ்ஆப் குழுவில் ஒருபோதும் வேண்டாம். குழந்தையின் அடையாளம் வெளியே போனால் அது தனி வழக்கு.

சான்றிதழை நான் கடைசி நாளில் கொடுப்பதில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு பிரதியைக் கொண்டு வந்து காட்டினால்தான். "மேடம், சர்டிபிகேட் இல்லாம ஆன் டியூட்டின்னு போட மாட்டாங்க" என்று கேட்பார்கள். நியாயம்தான். அதற்கு வருகைச் சான்று ஒன்றைத் தனியாக அடித்து, முத்திரையோடு தயாராக வைத்திருங்கள்.