வீட்டில் படுத்திருப்பவரின் புற்றுநோய் வலியைத் தணிப்பது எப்படி?

குமரி மாவட்டத்தில், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திலோ சிகிச்சை பெற்றுக் குலசேகரத்துக்கோ குளச்சலுக்கோ திரும்பிவிட்ட நோயாளியின் அன்றாட வலியைக் கவனிக்கும் பொறுப்பு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேல்தான் விழுகிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிச் செல்லும் செவிலியர், இரத்த அழுத்தம் பார்ப்பதற்கும் முன்பாக வலியைக் கேட்டு எழுத வேண்டும்.

வாசலில் நின்று கேட்டால் "பரவாயில்ல மக்களே" என்ற பதிலே வரும். ஆகவே கட்டிலருகே உட்கார்ந்து, ராத்திரி எத்தனை முறை விழித்தீர்கள், எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை என்று கேளுங்கள். பிறகு, வலியே இல்லையென்றால் 0, தாங்கவே முடியாவிட்டால் 10 என்று விளக்கி, அவர் சொல்லும் எண்ணைத் தேதியோடு குறித்துவையுங்கள். அவர் பயன்படுத்தும் சொல்லையும் அப்படியே எழுதுங்கள். எரிகிறது, சுள்ளென்று ஷாக் அடிக்கிறது என்றால் அது பெரும்பாலும் நரம்பு வலி, அதற்கு மருத்துவர் எழுதித் தரும் அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரை இரவில் குறைந்த அளவில் உதவும். ஒரே எலும்பில் விடாத குடைச்சல் என்றால், ஒரே தடவை தரும் கதிர்வீச்சுகூடப் பலருக்கு நிவாரணம் தரும் என்பதால் மருத்துவமனைக்குத் திருப்பி அனுப்பத் தயங்க வேண்டாம்.

லேசான வலிக்குப் பாராசிட்டமால் போதலாம். ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது, உடல் மெலிந்தவருக்கு அதைவிடக் குறைவாகத்தான் தர வேண்டும். கடுமையான வலிக்கு, அபினிலிருந்து எடுக்கப்படும் வலுவான வலிநிவாரணியான மார்ஃபின்தான் மருந்து. ஊசி போட்டால்தான் கேட்கும் என்று நம் ஊரில் பலர் நம்பினாலும், விழுங்க முடிந்தவருக்கு மாத்திரையே நல்லது. மருத்துவர் பெரும்பாலும் 5 மில்லிகிராமில், முதியவருக்கு 2.5 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுதித் தருவார். சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு அளவும் இடைவெளியும் மாறும்.

இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் தவறு நேர்கிறது. வலி வந்தபின் கொடுக்கலாம் என்று மாத்திரையை எடுத்துவைத்துவிடுகிறார்கள். வலி வருவதற்கு முன்பே, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து இது. அந்த நேரமும் அந்த வீட்டின் நடைமுறைக்கு ஒத்துவர வேண்டும். மகன் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறார் என்றால், காலை ஆறு மணி மாத்திரை தவறிவிடும். அவர் கிளம்பும் நான்கு மணிக்கு முதல் மாத்திரை; எட்டு மணி மாத்திரையைச் சிறு டப்பாவில் போட்டுத் தண்ணீரோடு கட்டிலருகே வைத்துவிட்டுப் போகட்டும்; பிறகு பன்னிரண்டு, நான்கு, இரவு எட்டு. மருத்துவரிடம் கேட்டு இரவு எட்டு மணிக்கு இரட்டிப்பாகக் கொடுத்தால், நள்ளிரவில் யாரும் எழ வேண்டியதில்லை. இடையில் வலி கிளம்பினால் கூடுதலாகக் கொடுக்க, ஒரு நாளின் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கை மருத்துவர் எழுதித் தந்திருக்க வேண்டும். அது அடிக்கடி தேவைப்பட்டால், வழக்கமான அளவு போதவில்லை என்று பொருள்.

மார்ஃபின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் தொடங்குங்கள். மலச்சிக்கல் தாளாமல் மருந்தையே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாளில் குறையும். ஆனால் தட்டி எழுப்பியும் விழிக்கவில்லை, மூச்சு மிகவும் மெதுவாகிவிட்டது என்றால் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். "பழக்கமாகிவிடுமே" என்று அஞ்சும் குடும்பத்தாரிடம், வலிக்காக மருத்துவர் கண்காணிப்பில் எடுப்பது போதைக்கு எடுப்பதாகாது என்று பொறுமையாக விளக்குங்கள். மாத்திரையைப் பூட்டி வைக்கவும், மிஞ்சினால் திருப்பித் தரவும் சொல்லுங்கள்.

போதைப்பொருள் சட்டத்தில் 2014-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் மார்ஃபின் வைத்திருப்பது முன்னைவிட எளிதாகியிருக்கிறது. உங்கள் வட்டாரத்தில் அது எங்கே கிடைக்கிறது, எந்த நாளில் கிடைக்கிறது என்பதை நோயாளிக்குத் தேவைப்படுவதற்கு முன்பே விசாரித்துச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

முதல் மாத்திரை கொடுத்த மறுநாள் காலை, அந்த வீட்டுக்குக் கட்டாயம் தொலைபேசியில் பேசுங்கள். ராத்திரி தூங்கினாரா, மலம் கழிந்ததா, இப்போது பத்துக்கு எத்தனை என்று கேட்டு, அந்த எண்ணை நேற்றைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.