வயிற்றுக்குப் பழங்கஞ்சி: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

வயிறு கெட்டால் தூக்கம் போகிறது, எதைப் பார்த்தாலும் எரிச்சல் வருகிறது. அது வெறும் நினைப்பில்லை. தூக்கத்தோடும் மனநிலையோடும் தொடர்புள்ள ரசாயனம் செரோட்டோனின், உடம்பிலுள்ள அதில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் உருவாகிறது, குடலுக்கும் மூளைக்கும் நடுவே வேகஸ் நரம்பு ஓயாமல் செய்தி கடத்துகிறது. நாம் செரிக்காமல் விடும் நாரையும் மாவுச்சத்தையும் பெருங்குடல் பாக்டீரியாக்கள் தின்று பியூட்டிரேட் போன்ற அமிலங்களை உண்டாக்குகின்றன, பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு முக்கிய எரிபொருள் அந்த பியூட்டிரேட்தான். அதனால் அந்தப் பாக்டீரியாக்களுக்குத் தினமும் தீனி வேண்டும். அதற்கு நம்ம குமரி மாவட்டத்தில் ஆகச் சுலபமான வழி பழங்கஞ்சி, அதாவது ராத்திரி தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைத்த சோறு. ரொம்ப நாள் உப்புசத்தோடு அவதிப்பட்ட எனக்கு இது கேட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

படி 1: சோறு. சம்பா அல்லது மட்ட அரிசி, புழுங்கல். வடித்த சோறுதான் நல்லது, குக்கர் சோறு விடிவதற்குள் கூழாகிவிடும். சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது, பெருங்குடல்வரை போய்ச் சேருவது அதுதான்.

படி 2: பாத்திரம். மண்சட்டிதான் என் தேர்வு, தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். புதுச் சட்டியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, அப்புறம் வடிகஞ்சி ஊற்றிச் சிறுதீயில் கொதிக்கவிட்டுப் பழக்குங்கள். எவர்சில்வர், கண்ணாடி பரவாயில்லை. அலுமினியம் வேண்டவே வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும்.

படி 3: ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றுவது. எனக்குச் சிக்கல் தந்தது இந்த இடம்தான், ஒருநாள் நன்றாகப் புளிக்கும், மறுநாள் கெட்ட வாடை அடிக்கும். காரணம் சூடு. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாது, சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் பெருகி நஞ்சை உண்டாக்கும், அதில் ஒரு வகை நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. அதனால் வடித்த சோற்றைச் சட்டியிலேயே குவித்து வைக்காமல் அகலத் தட்டில் பரத்தி, விசிறிக்குக் கீழே வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்துவிடுங்கள். மதியம் மிஞ்சி ராத்திரிவரை வெளியே கிடந்த சோறு இதற்கு ஆகாது. பிறகு சோற்றுக்கு மேலே இரண்டு விரல் உயரம் நிற்கிற மாதிரி கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் அதிலுள்ள குளோரின் புளிப்பைத் தடுக்கும், கிணற்றுத் தண்ணீரானாலும் கொதிக்கவைத்தே ஊற்றுங்கள். கடைசியாக ஒரு கரண்டி மோர், அல்லது நேற்றைய கஞ்சித் தண்ணீர். இதைச் சேர்த்தால் லாக்டிக் அமிலம் சீக்கிரம் ஏறும், கெட்ட கிருமிகளுக்கு இடமிருக்காது.

படி 4: மூடி வையுங்கள். குளச்சல், முட்டம் மாதிரிக் கடற்கரை ஊர்களில் எட்டு மணி நேரம் போதும், மழைக்காலத்தில் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் பன்னிரண்டு ஆகலாம். இதமான புளிப்பு வாசம் வந்தால் சரி. வழுவழுப்பு, பூசணம், அழுகல் நாற்றம் இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

படி 5: உப்பு, ஈருள்ளி (சின்ன வெங்காயம்), காந்தாரி மிளகாய், கூட காணத் (கொள்ளு) துவையல். சூடாக்காதீர்கள், உயிருள்ள பாக்டீரியா செத்துப்போகும். தொட்டுக்கொள்ளத் தலேநாள் (முந்தின நாள்) சாளைமீன் கறி இருந்தால் அதை மட்டும் தனியாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள். ஈருள்ளியை விடாதீர்கள், அதிலுள்ள ஃப்ரக்டான் என்ற நார்ச்சத்து குடல் பாக்டீரியாவுக்குப் பிடித்த தீனி. முதல் வாரம் ஒரு சின்னக் கிண்ணம் போதும், எடுத்ததும் நிறையக் குடித்தால் வாயு தொல்லை கொடுக்கும். காலையில் இதைக் குடித்துவிட்டு மீதி நேரமெல்லாம் பொரித்ததையே தின்றால் பலன் இருக்காது, கீரையும் சிறுபயறும் மட்டி வாழைப்பழமும் சாப்பாட்டில் இருக்கட்டும். கடையில் விற்கிற இனிப்பு புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா சேர்த்த) பானங்களை நான் வாங்குவதில்லை, பலவற்றில் சர்க்கரை அதிகம்.

பின்சேர்க்கை: வளைகுடாவிலிருந்து சிலர் "புளிக்கவே இல்லையே" என்று கேட்டிருந்தார்கள். ஏசி அறைதான் காரணம். ஏசி படாத சமையலறையில் வையுங்கள், மோரை இரண்டு கரண்டியாக்குங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் சோறு குளிரும், புளிக்காது. சர்க்கரை நோய் உள்ள ஒரு அக்கா தாராளமாகக் குடிக்கலாமா என்று கேட்டார். அக்கா, பழையதானாலும் அது சோறுதான், அளவு முக்கியம், குடித்த பிறகு ஒருமுறை சர்க்கரையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, வாரக்கணக்கில் நிற்காத வயிற்றுப்போக்கு இருந்தால் கஞ்சியை நம்பி நாளைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.